நிலம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நாடு: ஐஸ்லாந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டும்போது கடைக்கால் தோண்டுகிறோம், கல் போடுகிறோம். கீழே இருக்கும் மண் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அந்த நிம்மதி ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர்கள் காலடியில் நிலம் பிளக்கிறது, கொதிக்கிறது, சில சமயம் கடலுக்குள்ளிருந்து புதிதாக முளைக்கவும் செய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்னக் கூட்டம் 1,100 ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது, அதற்கு நடுவிலும் இவ்வளவு கதையையும் மொழியையும் எப்படிக் காப்பாற்றி வைத்தது என்பதுதான் என்னை அந்த நாட்டின் பக்கம் இழுத்தது. ஐஸ்லாந்து என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

ஐஸ்லாந்து எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

வட அட்லாண்டிக் கடலில், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில். பரப்பளவு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் பெரும்பாலோர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இருக்கிறார்கள். மீதி ஊர்கள் கடலோரமாகச் சிதறிக் கிடக்கின்றன. நாட்டின் நடுப்பகுதி முழுக்கக் கல்லும் மணலும் பனியுமாக இருப்பதால் அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. ரயில் கிடையாது. தீவைச் சுற்றி வரும் வட்டச் சாலை 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுவே 1974இல்தான் முழுமையானது.

அங்கே மட்டும் ஏன் இத்தனை எரிமலைகள்?

இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. பூமியின் மேலோட்டுத் துண்டுகளான வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் அட்லாண்டிக்கின் நடுவே ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். விலகும் இடைவெளியில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி வருகிறது. இது கடலடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கும் விஷயம்தான். ஆனால் ஐஸ்லாந்துக்குக் கீழே கூடுதலாக, பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஒரு வெப்பப் புள்ளியும் இருப்பதால், குழம்பு அளவுக்கு மீறி வெளியேறிக் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு நாடாகவே குவிந்துவிட்டது.

இந்தப் பிளவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திங்வெட்லிர் போக வேண்டும். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் எழுந்து நிற்க, நடுவே நிலம் தாழ்ந்துபோன நீண்ட பள்ளத்தாக்கு. கி.பி. 930இல் அந்தத் தீவின் குடியேறிகள் தங்கள் பொதுச்சபையான ஆல்திங்கைக் கூட்டியது இங்கேதான். அப்போது அவர்களிடம் எழுதிவைத்த சட்டம் கிடையாது. சட்டம் உரைப்பவர் என்று ஒருவர் இருப்பார். அவர் பாறைமேல் ஏறி நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டுகளில் மொத்தச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லி முடிக்க வேண்டும். 1944 ஜூன் 17 அன்று டென்மார்க்கிலிருந்து பிரிந்து குடியரசானதையும் இதே இடத்தில்தான், கொட்டும் மழையில் கூடி நின்று அறிவித்தார்கள்.

எரிமலை எவ்வளவு அடிக்கடி வெடிக்கிறது?

சராசரியாக நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்வது வழக்கம். அண்மையில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. தென்மேற்கே உள்ள ரெய்க்யனெஸ் தீபகற்பம் சுமார் 800 ஆண்டுகள் சும்மா இருந்தது. 2021 மார்ச்சில் ஃபாக்ராதால்ஸ்ஃபியட்ல் வெடித்ததிலிருந்து அங்கே வெடிப்புகள் தொடர்கதையாகிவிட்டன.

இதில் அடிபட்ட ஊர் கிரிண்டாவிக், ஒரு மீன்பிடித் துறைமுகம். 2023 நவம்பர் 10 அன்று நாள் முழுக்க நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. அன்று இரவு, கிட்டத்தட்ட 3,800 பேர் கொண்ட முழு ஊரையும் காலி செய்தார்கள். தெருவின் குறுக்கே பிளவு விழுந்து, அதிலிருந்து ஆவி எழுந்தது. 2024 ஜனவரியில் குழம்பு ஊருக்குள்ளேயே வந்து சில வீடுகளைத் தின்றது. மண்ணை மலைபோல் குவித்துக் கட்டிய தடுப்புகள் மட்டும் இல்லாவிட்டால் சேதம் இன்னும் அதிகமாகியிருக்கும். பெரும்பாலான வீடுகளை அரசே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு விலை வந்துவிடும். பிறந்து வளர்ந்த தெருவுக்கு யார் விலை கொடுப்பது? அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

எரிமலைக் குழம்பைத் தண்ணீர் ஊற்றித் தடுத்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஐஸ்லாந்தைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

தெற்கே ஹெய்மே என்று ஒரு சின்னத் தீவு. சுமார் 5,300 பேர், பிழைப்பு மீன்பிடித்தல். 1973 ஜனவரி 23, அதிகாலை 2 மணிவாக்கில் ஊரின் கிழக்கு ஓரத்தில், கடைசி வீடுகளுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி, நிலம் நீளமாகக் கிழிந்து நெருப்பு எழுந்தது. முந்தின நாள் கடலில் கடும் கொந்தளிப்பு. அதனால் மீன்பிடிப் படகுகள் ஒன்றுகூட வெளியே போகாமல் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. அந்தப் படகுகளில் ஏறித்தான் ஊர் சனம் விடிவதற்குள் பெருந்தீவுக்குத் தப்பியது.

அப்புறம் சில நூறு பேர் திரும்பி வந்தார்கள். வீட்டுக் கூரையில் குவிந்த சாம்பலை மண்வெட்டியால் வாரித் தள்ளினார்கள், ஜன்னல்களில் தகரம் அடித்தார்கள். ஆனால் பெரிய பயம் வேறு. குழம்பு மெல்ல நகர்ந்து துறைமுக வாயை அடைக்கப் போனது. துறைமுகம் போனால் அந்த ஊருக்கு வேலையே இல்லை. இயற்பியலாளர் தோர்பியோர்ன் சிகுர்கெயிர்சொன், கடல்நீரை அடித்துக் குழம்பின் முகத்தை இறுகவைத்தால் பின்னால் வருவது தானாக வேறு பக்கம் திரும்பும் என்றார். முதலில் தீயணைப்புக் குழாய்கள், பிறகு பெரிய பெரிய பம்புகள். இன்னும் சூடாக இருக்கும் கருங்கல்லின் மேலேயே குழாய் போட்டு, பூட்ஸ் அடிப்பாகம் கருக நடந்து, மாதக்கணக்கில் சுமார் 60 லட்சம் டன் கடல்நீரை அதன்மேல் கொட்டினார்கள்.

ஜூலை 3 அன்று வெடிப்பு நின்றது. சுமார் 400 வீடுகள் அழிந்துபோயின. நச்சுவாயுவால் ஒருவர் இறந்தார். துறைமுகம் தப்பியது. புதிதாகச் சேர்ந்த நிலம் காற்றைத் தடுத்ததால் முன்பைவிடப் பாதுகாப்பான துறைமுகமாகவும் ஆனது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஊரை அழிக்க வந்த குழம்பில் மிச்சமிருந்த சூட்டைக் குழாய்வழி எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள்!

இதே தீவில் இன்னொரு வழக்கம் உண்டு. கோடை முடிவில் பஃபின் பறவைக் குஞ்சுகள் கூட்டைவிட்டு முதன்முதலாகப் பறக்கும்போது, ஊர் விளக்கை நிலா வெளிச்சம் என்று நினைத்துத் தெருவில் வந்து விழும். பிள்ளைகள் ராத்திரி அட்டைப்பெட்டியோடு தெருத் தெருவாகத் தேடிப் பொறுக்கி வைத்து, காலையில் கடலோரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் தூக்கிப் பறக்கவிடுவார்கள். அந்த வாரங்களில் எந்தப் பெற்றோரும் பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்கச் சொல்வதில்லை.

மிக மோசமான வெடிப்பு எது?

லாக்கி, 1783. ஜூன் 8 அன்று தொடங்கி எட்டு மாதம் ஓயவில்லை. ஒரே மலை வெடித்ததல்ல. சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, 100க்கும் மேற்பட்ட வாய்களிலிருந்து குழம்பு வந்தது. ஆனால் மனிதர்களைக் கொன்றது குழம்பு அல்ல. அதோடு வந்த புளோரின் புல்லில் படிந்தது. அதைத் தின்ற ஆடு, மாடு, குதிரை எல்லாம் எலும்பு வீங்கிச் செத்தன. கால்நடை போனதும் பஞ்சம் வந்தது. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். அந்தக் கந்தகப் புகை ஐரோப்பா வரை பரவி அங்கேயும் ஆட்களைக் கொன்றது.

அந்தக் கோடையில் யோன் ஸ்டெயின்கிரிம்சொன் என்ற பாதிரியார், குழம்பு நெருங்கி வந்துகொண்டிருக்கையில் கோயில் கதவைச் சாத்திக்கொண்டு வழிபாடு நடத்தினார். வெளியே வந்து பார்த்தபோது குழம்பு அங்கேயே நின்று குவிந்திருந்தது. அதை இன்றும் நெருப்பு வழிபாடு என்று சொல்கிறார்கள். அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் அந்தப் பேரழிவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக முக்கியமான சாட்சி.

விமானங்களை நிறுத்திய எரிமலை எது?

எயாஃப்யாட்லயோகுட்ல், 2010 ஏப்ரல். பனியாற்றுக்கு அடியில் வெடித்ததால் குழம்பு பனிநீரில் பட்டு நொறுங்கி, கண்ணாடித்தூள் போன்ற சாம்பலாக மேலே கிளம்பியது. இன்ஜினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுமார் 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாகின. லாக்கியோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன வெடிப்பு.

நிலத்தடி வெப்பத்தால் மக்களுக்கு என்ன பயன்?

பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெந்நீரால்தான் சூடாகின்றன. மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க ஆற்றுநீரிலிருந்தும் நிலத்தடி வெப்பத்திலிருந்தும் வருகிறது. ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் லேசாக அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது கந்தகம், உடம்புக்குக் கெடுதல் இல்லை, வெள்ளி மோதிரம் மட்டும் கறுத்துப்போகும். குளிர்ந்த நீர்க் குழாயில் அந்த வாடையே இருக்காது.

இது தொடங்கியது துணி துவைக்கும் இடத்தில். ஊருக்கு வெளியே 3 கிலோமீட்டர் தள்ளி வெந்நீர் ஊற்று இருந்தது. ரெய்க்யவிக் பெண்கள் குளிர்காலத்திலும் அழுக்குத் துணி மூட்டையைச் சுமந்து அங்கே நடந்து போய்த் துவைத்து வந்தார்கள். 1930இல் அந்த இடத்திலிருந்து குழாய் பதித்து முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெந்நீர் கொடுத்தார்கள். அதற்கு முன்பு ஊர்மேல் எப்போதும் நிலக்கரிப் புகை மண்டிக் கிடக்கும்.

சமையலும் உண்டு. கம்பு மாவைப் போலக் கறுத்திருக்கும் ரை மாவைப் பிசைந்து பாத்திரத்தில் போட்டு இறுக மூடி, லாகர்வாட்ன் ஏரிக்கரையின் சூடான மணலில் குழிதோண்டிப் புதைப்பார்கள். மேலே ஒரு கல் அடையாளம். 24 மணி நேரம் கழித்துத் தோண்டினால் கேக் போல மெத்தென்று, லேசான இனிப்போடு ரொட்டி தயார். சூட்டோடு சூடாக வெண்ணெய் தடவித் தின்பார்கள்.

அப்புறம் நீச்சல்குளம். சின்ன ஊரிலும் திறந்தவெளி வெந்நீர்க் குளம் இருக்கும். நம் ஊர் டீக்கடைக்கு என்ன வேலையோ அதே வேலை அங்கே இந்தக் குளத்துக்கு. பனி கொட்டும் மாலையில் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு அரசியலும் மீன்விலையும் பேசுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் கற்றே ஆக வேண்டும்.

கடலுக்குள்ளிருந்து புதிய தீவு வந்தது உண்மையா?

1963 நவம்பரில், மீன்பிடிக்கப் போனவர்கள் கடலில் புகை எழுவதைப் பார்த்து ஏதோ கப்பல் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். அது சுர்ட்சே தீவு பிறந்துகொண்டிருந்த இடம். 1967 ஜூன் வரை வெடித்து வளர்ந்தது. வெறும் கல்லில் உயிர் எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்பதற்காக, ஆய்வாளர்கள் தவிர வேறு யாரையும் அங்கே விடுவதில்லை. ஒருமுறை தக்காளிச் செடி ஒன்று முளைத்திருந்தது. மனிதர் கழிவிலிருந்து வந்த விதை என்று தெரிந்ததும் அதைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

படங்களில் பச்சைப்பசேல் என்று தெரிவது என்ன? காடா?

பாசி. லாக்கி கக்கிய குழம்பு இறுகிய பெருவெளியைச் சாம்பல் நிறப் பாசி மெத்தைபோல் மூடியிருக்கிறது, மழை பட்டால் பச்சையாகிவிடும். அந்த அளவுக்கு வளர அதற்கு எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். ஒரு ஆள் மிதித்து நடந்த தடம் ஆண்டுக்கணக்கில் மறையாது.

காடு ஒரு காலத்தில் இருந்தது. குடியேறியவர்கள் வந்தபோது தீவின் கால்பங்காவது பிர்ச் மரங்களாக இருந்தது என்கிறார்கள். விறகுக்கு வெட்டியதும், மிச்சத்தை ஆடு மேய்ந்ததும், மேல்மண்ணைக் காற்று அள்ளிப்போனதுமாக அழிந்துபோய், இப்போது 2 சதவீதம்தான். எரிமலையை மட்டும் குறைசொல்ல முடியாது.

மனிதர் கொண்டுவராத, நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றே ஒன்று, துருவ நரி. கொசு இல்லாத நாடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 அக்டோபரில் அங்கே முதன்முதலாக மூன்று கொசுக்களைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதாமே?

பெரும்பாலோருக்குக் கிடையாது. அப்பா பெயரைத்தான் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, நம் இனிஷியல் மாதிரிதான். அப்பா பெயர் எய்னார் என்றால் மகன் எய்னார்சொன், மகள் எய்னார்ஸ்டோட்டிர். கல்யாணம் ஆனாலும் பெண் பெயர் மாறாது. ஆக, அப்பா, அம்மா, மகன், மகள் என்று நாலு பேர் உள்ள வீட்டில் நாலு பின்பெயர் இருக்கலாம். அம்மா பெயரைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் அச்சானது. குடியரசுத் தலைவரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

1980இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அப்படித்தான் எல்லோருக்கும் விக்டிஸ் ஆனார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர், அதுவும் தனியாக ஒரு பெண்பிள்ளையை வளர்த்துவந்த தாய். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1975 அக்டோபர் 24 அன்று, நாட்டின் 90 சதவீதப் பெண்கள் வேலையையும் வீட்டுவேலையையும் ஒருநாள் நிறுத்தியிருந்தார்கள். அந்த நாள் நடந்திருக்காவிட்டால் தான் ஜெயித்திருக்க முடியாது என்று விக்டிஸே சொல்லியிருக்கிறார்.

அவர்கள் மொழியில் என்ன விசேஷம்?

13ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சாகா' என்னும் பழங்கதைகளை இன்றைய பள்ளிப் பிள்ளை, எழுத்துமுறையைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தால், படித்துவிடுகிறது. மொழி அவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது. புதிய பொருள் வந்தால் பழைய வேரிலிருந்தே சொல் செய்வார்கள். கணினிக்கு 'தோல்வா': எண் என்ற சொல்லும், குறிசொல்பவள் என்ற பழஞ்சொல்லும் சேர்ந்தது. தொலைபேசிக்கு 'சிமி': நூல், கயிறு என்ற பொருளில் வழக்கொழிந்து கிடந்த சொல்லைத் தூசி தட்டி எடுத்தது. கணினி, மின்னஞ்சல் என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

அந்தக் கதைகள் பிழைத்து வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கன்றுத்தோலில் எழுதியவை அவை. ஃப்ளாட்டேயர்போக் என்ற ஒரு ஏட்டுக்கு மட்டும் 113 கன்றுகளின் தோல் ஆனது. வறுமைக் காலத்தில் ஏட்டுத்தோலைச் சட்டை தைப்பதற்கான அளவு மாதிரியாகக் கத்தரித்தவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்னி மக்னுசொன் என்ற அறிஞர் வீடு வீடாகத் தேடிச் சேர்த்து கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, 1971 ஏப்ரல் 21 அன்று முதல் இரண்டு ஏடுகளை டென்மார்க் கப்பலில் திருப்பி அனுப்பியது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று வரவேற்றார்கள். எனக்கு அந்தக் காட்சியை நினைத்தாலே கண் கலங்கும்.

பாறையில் மறைவாக வாழும் ஆட்களை உண்மையிலேயே நம்புகிறார்களா?

'ஹுல்டுஃபோல்க்', மறைந்து வாழும் மக்கள். பாறைக்குள்ளும் மேட்டுக்குள்ளும் நம்மைப்போலவே குடும்பம் நடத்துகிறார்கள் என்பது நம்பிக்கை. நேராகக் கேட்டால் நம்புகிறேன் என்று சொல்பவர்கள் குறைவு. அதே சமயம், இல்லவே இல்லை என்று சொல்லவும் பலர் தயங்குவார்கள். கோபவோகுர் ஊரில் ஆல்ஃப்ஹோல்ஸ்வேகுர் என்ற சாலை ஒரு மேட்டின் அருகே வந்ததும் குறுகிவிடும். அந்த மேட்டை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நம் ஊரில் வேப்பமரத்தடிச் சாமிக்காகச் சாலை வளைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

மக்கள் கூடும் பெரிய நிகழ்ச்சி எது?

கிறிஸ்துமஸ் என்று பலர் சொல்வார்கள். புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்து அன்றிரவே படிக்க உட்காரும் பழக்கமும், ஜன்னலில் வைத்த காலணிக்குள் பரிசு போட ஒவ்வொரு ராத்திரியும் ஒருவராக வரும் 13 குறும்புக்காரச் சகோதரர்களும் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்தது செப்டம்பரில் நடக்கும் 'ரெட்டிர்'.

கோடை முழுக்க ஆடுகள் மேட்டுநிலத்தில் மேய்ப்பனே இல்லாமல் திரியும். செப்டம்பரில் குதிரையேறிப் பல நாள் அலைந்து மொத்த மந்தையையும் ஓட்டி வருவார்கள். பள்ளத்தாக்கில் வண்டிச் சக்கரம் போல ஒரு பெரிய பட்டி. நடுவட்டத்தில் எல்லா ஆடுகளும், அதைச் சுற்றி ஆரங்களாகப் பிரித்த அறைகளில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அறை. காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, காலிடுக்கில் ஆட்டை வைத்துக்கொண்டு இழுத்துப் போவார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். கம்பளி, சேறு, பாட்டு, இறைச்சி சூப் என்று இரவுவரை போகும்.

பனியாறுகள் உருகுகின்றனவா?

ஆமாம். நாட்டின் பத்தில் ஒரு பங்கு இன்னும் பனியாறுதான். அளவில் ஐரோப்பாவிலேயே பெரிய பனியாறுகளில் ஒன்றான வாட்னயோகுட்ல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் 'ஓக்' என்ற சின்னப் பனியாறு நகரும் அளவுக்குக் கனம் இல்லாமல் போய், 2014இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது. 2019 ஆகஸ்டில் மக்கள் மலையேறிப் போய் அந்த இடத்தில் ஒரு செப்புப்பட்டயம் பதித்தார்கள், இறந்தவருக்கு நடுகல் நாட்டுவது போல. அந்த ஆண்டு மே மாதம் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடின் அளவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: 415 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 415 பங்கு.

போய்ப் பார்க்க நினைத்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாசிமேல் நடக்காதீர்கள். குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டு, உடையில்லாமல் நன்றாகக் குளித்தே ஆக வேண்டும். அங்கே கூச்சம் பார்ப்பதில்லை. ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். சின்னச் சின்ன அலையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒன்று பல மீட்டர் மேலே ஏறி வந்து காலை வாரிவிடும். படம் எடுக்க நின்றவர்கள் பலர் அங்கே உயிரைவிட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு சிவப்பில் இருந்தால், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும், மேலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.